கடன், குற்றம், பாவம்: பரலோக மந்திரத்தை மறுபடி வாசித்தல்

1

கத்தோலிக்கர்களாகிய நாங்கள் நாளொன்றுக்கு எத்தனை தடவை பரலோக மந்திரம் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். காலையில் எழுந்ததும் ஒன்று, பூசைக்குப் போனால் ஒன்று, ராத்திரி ஜெபமாலையில் ஆறு, படுக்கப் போகும்போது ஒன்று. வீட்டில் சுகவீனம், பரீட்சை, பயணம் என்று ஏதாவது இருந்தால் இன்னும் ரெண்டு மூன்று கூடும். எப்படியும் பத்துக்குக் குறையாது. இப்படி வாயில் தேய்ந்துபோன ஒரு பிரதியை யாரும் வாசிப்பதில்லை. அதைச் சொல்கிறோம், அவ்வளவுதான். சொல்லிச் சொல்லியே அது வாசிப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறது.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் பலர் கோவில் பக்கமே போகாதவர்களாக இருக்கலாம். 'சாமியார் சமாச்சாரம் நமக்கெதற்கு' என்று தோன்றலாம். மதம் என்றதும் 'கருத்தியல்' என்று ஒரு முத்திரையைக் குத்தி மூட்டை கட்டி வைத்துவிடுவது சுலபம். ஆனால் அந்த மூட்டைக்குள்தான் லட்சக்கணக்கான பேர் தினமும் எழுந்து, வேலைக்குப் போய், கடன் வாங்கி, வட்டி கட்டி, முட்டிபோட்டு ஜெபித்துத் தூங்குகிறார்கள். நானும் அதற்குள்ளிருந்துதான் எழுதுகிறேன். நம்பிக்கையை விட்டு வெளியே வந்து நின்று நான் இதைச் சொல்லவில்லை. உள்ளே இருப்பவனுக்கும் வாசிக்கும் உரிமை உண்டு என்ற எண்ணத்தில் சொல்கிறேன்.

ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்தச் சொல் 'கடன்'. இயேசு கற்பித்ததாகச் சொல்லப்படும் இந்த ஜெபத்தின் நடுவில் அது இருந்தது. எங்கள் வாய்க்கு வந்து சேர்ந்தபோது இல்லை.

2

மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், மன்னிப்பைக் கேட்கும் அந்த வரியில், கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ஒபைலேமாட்டா. அதற்குப் பொருள் கடன்கள். அதே வரியின் அடுத்த பாதியில் வருகிறவர்கள் கடன்பட்டவர்கள். லூக்கா 11ஆம் அதிகாரத்தில் இதையே கொஞ்சம் மாற்றுகிறார். கடவுளிடம் நாம் மன்னிக்கக் கேட்பது பாவங்களை. ஆனால் நாம் மன்னிக்க வேண்டியவர்கள் நம்மிடம் கடன்பட்டவர்களே. ஆக லூக்காவிலும் மனிதர்களுக்கு இடையில் இருப்பது கடன்தான். லத்தீன் வுல்காத்தா மத்தேயுவில் 'தேபித்தா' என்று கடனை அப்படியே வைத்துக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) முன்னால் லத்தீன் பூசையில் பீடத்தில் நின்ற சாமியார் ஒவ்வொரு நாளும் கடன் என்றுதான் பாடிக்கொண்டிருந்தார். கீழே முட்டிபோட்டிருந்த கடன்காரர்களுக்கு அது விளங்கவில்லை.

பூசை தமிழுக்கு வந்தது. விளங்கியிருக்க வேண்டும். பெரியவர்கள் சொல்லி நான் கேட்ட பழைய பரலோக மந்திரத்தில் இருந்தது 'பாவம்'. இப்போது சொல்வதில் 'குற்றம்'. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பிலும் மத்தேயுவின் அந்த வரியில் இருப்பது குற்றம்தான். புராட்டஸ்டண்டு சகோதரர்களின் பழைய வேதாகமத்தில் மத்தேயுவைத் திறந்தால் 'கடன்' அப்படியே இருக்கிறது. ஆனால் அவர்களும் ஆராதனையில் எழுந்து நின்று சேர்ந்து சொல்லும்போது குற்றத்துக்குத்தான் வருகிறார்கள். புத்தகத்தில் கடன், வாயில் குற்றம். ஆங்கிலக்காரர்களுக்கும் இதே கதைதான். டிண்டேலின் 16ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பிலும் 1549ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலும் கடன் என்பது 'அத்துமீறல்' ஆனது.

விவிலியம் படித்தவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அது நியாயமான பதிலும்கூட. இயேசு பேசிய அரமேய மொழியில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறிக்கும். எனவே கடன் என்பது உருவகம், பாவம் என்பதே பொருள், மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைத் தந்திருக்கிறார்கள் என்கிறார்கள். சரி. ஆனால் ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்போது எப்போதும் ஒன்று மட்டுமே உருவகமாகி ஒதுங்கிப்போவது எப்படி? ஜெர்மன் மொழியிலும் 'ஷுல்ட்' என்ற சொல் குற்றவுணர்வையும் கடனையும் சேர்த்தே சுமக்கிறது. நீட்சே 1887இல் ஒழுக்கத்தின் பூர்வீகத்தை ஆராய்ந்தபோது இந்தப் புள்ளியில்தான் கை வைத்தார். குற்றவுணர்வு என்ற ஆழமான சமாச்சாரம் கடன் என்ற சந்தைச் சமாச்சாரத்திலிருந்து முளைத்தது என்பது அவர் வாதம். அவருடைய முடிவுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எந்த அர்த்தம் மேலே ஏறுகிறது, எது கீழே அமுங்குகிறது என்பது அகராதி மட்டும் தீர்மானிக்கிற விஷயமல்ல என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

3

கலிலேயாவில் இந்த ஜெபத்தைக் கேட்டவர்களுக்குக் கடன் வெறும் உருவகமாக இருந்திருக்க முடியாது. இணைச்சட்டம் 15ஆம் அதிகாரம் ஏழு ஆண்டுக்கொருமுறை கடனைத் தள்ளச் சொல்கிறது. ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று கணக்குப் பார்த்து ஏழைக்குக் கடன் தர மறுக்காதே என்று எச்சரிக்கவும் செய்கிறது. அந்த எச்சரிக்கை பலிக்கவில்லை. ஏழாம் ஆண்டு தள்ளுபடியைப் பயந்து யாரும் கடன் தருவதில்லை என்பதால், கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பேரில் ஒப்படைத்துவிட்டால் தள்ளுபடி அதைத் தொடாது என்ற 'புரோஸ்புல்' ஏற்பாட்டை இயேசுவுக்குச் சற்று முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஹில்லெல் கொண்டுவந்தார் என்று யூத மரபு சொல்கிறது. ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பத்திரம் சாகாவரம் பெற்றுவிட்டது. கி.பி. 66இல் எருசலேமில் கலகம் வெடித்தபோது கலகக்காரர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று ஆவணக் காப்பகத்துக்குத் தீ வைத்து அங்கிருந்த கடன் பத்திரங்களை எரித்தது. இதை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கலகக்காரர்களுக்கு வேண்டியவர் அல்ல.

மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். ஒருவன் அரசனிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். அரசன் இரங்கித் தள்ளிவிடுகிறான். வெளியே போனவன் தன்னிடம் நூறு தெனாரியம் பட்ட உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். கணக்குப் போடலாம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரியம். பத்தாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் ரெண்டு லட்சம் ஆண்டு உழைக்க வேண்டும். அன்று கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவின் ஆண்டு வருமானமே 200 தாலந்து என்கிறார் ஜோசிபஸ். எனவே முதல் கடனாளி நம்ம ஊர் கூலிக்காரன் அல்ல. வரி வசூலைக் குத்தகை எடுக்கிற, அரண்மனைக்குள் போய்வருகிற பெரிய கை. நூறு தெனாரியக்காரன்தான் கூலிக்காரன். மூன்று மாதத்துச் சொச்சம் சம்பளம் பாக்கி. மேலே தள்ளுபடி, கீழே கழுத்துப்பிடி. பெரும் கம்பெனிகள் வாங்கிய கடனை வங்கிகள் கணக்கிலிருந்து ஒதுக்கித் தள்ளுவதையும், அடகு வைத்த ஒரு ஜோடிக் கம்மல் ஏலத்துக்குப் போவதையும் ஒரே செய்தித்தாளில் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கோவிலில் விளக்குகிறார்கள். மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டின் பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு இந்த வாசகம் வரும். பங்கில் வாசகம் வாசிக்கிறவன் என்பதால் அந்த ஞாயிறுகளை நான் தவறவிட்டதில்லை. கேட்ட மறையுரைகள் எல்லாம் மாமியார் மருமகள் சண்டையில் ஆரம்பித்து, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியில் முடிந்தன. நூறு தெனாரியம் 'சின்னச் சின்ன மனக்காயங்கள்' ஆகிவிடுகிறது. பத்தாயிரம் தாலந்து கடவுளின் இரக்கம் ஆகிவிடுகிறது. பணம் ஆவியாகிப் போகிறது. தாலந்து என்ற சொல்லுக்கே அந்தக் கதிதான். அது வெள்ளியை நிறுக்கிற எடை. இன்றைக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் தாலந்து என்றால் பாட்டுப் பாடும் திறமை, மேடையில் பேசும் திறமை.

ஒரு அன்பியக் கூட்டத்தில் இதே பகுதியை வாசித்துப் பகிர்ந்துகொண்டிருந்தோம். வழக்கம்போல 'மன்னிப்பு', 'சமாதானம்' என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மகளிர் குழுவில் கடன் எடுத்து வாரம் தவறாமல் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா கேட்டார்: "கட்ட முடியலன்னதும் பெண்டாட்டி பிள்ளையையும் சேத்து விக்கச் சொல்லுதாரே அந்த ராசா, அவ என்ன கையெழுத்தா போட்டா?" யாரும் பதில் சொல்லவில்லை. நடத்திய சிஸ்டர் அடுத்த படிக்குப் போய்விட்டார். நான் இந்த உவமைக்குப் படித்த விளக்கங்களில் அந்தப் பெண்டாட்டி ஒரு ஆளாகவே வந்ததில்லை. குழுக்கடனில் கையெழுத்துப் போட்ட ஒரு பெண்ணுக்குத்தான் அவள் கண்ணில் பட்டாள். விவிலியத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. நெகேமியா 5இல் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்து, கடைசியில் பிள்ளைகளையும் அடிமைக்கு விட்டு, மக்களும் அவர்களுடைய மனைவிமாரும் சேர்ந்து கூக்குரலிடுகிறார்கள். பிரதி அந்த மனைவிமாரைத் தனியாகக் குறிப்பிடுகிறது. ஆளுநரான நெகேமியா தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்தவர்கள்தான் என்பதை எல்லார் முன்னாலும் சொல்லி, திருப்பிக்கொடுக்க ஏற்பாடு செய்கிறார்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமைக்கு மனுக் கொடுத்துப் பலனில்லாமல் தீயில் போனது ஒரு ஆள் இல்லை. கணவன், மனைவி, ரெண்டு குழந்தைகள். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்திருந்தது. அந்த அக்காவின் கேள்வி எவ்வளவு நேரடியானது என்பது இதை நினைக்கும்போதுதான் உறைக்கிறது.

4

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். தமிழ்க் கத்தோலிக்கச் சொல்லாடலில் 'கடன்' என்ற சொல் காணாமல் போகவில்லை. அது இடம் மாறியிருக்கிறது. ஞாயிறும் சில பெரிய பண்டிகைகளும் கட்டாயம் பூசை காண வேண்டிய நாட்கள். அவற்றுக்கு எங்கள் பெயர் 'கடன் திருநாள்'. வேளாங்கண்ணிக்கும் உவரிக்கும் நேர்ந்துகொண்டு, மொட்டை போட்டு, அசனம் கொடுத்துத் தீர்ப்பது 'நேர்த்திக்கடன்'. தமிழில் கடன் என்பது கடமையும்தான் என்பதால் இவையெல்லாம் இயல்பாகப் பொருந்திவிடுகின்றன. கவனித்துப் பாருங்கள்: மனிதன் கடவுளுக்கும் புனிதருக்கும் திருச்சபைக்கும் செலுத்த வேண்டிய இடங்களில் கடன் கெட்டியாக நிற்கிறது. மனிதன் மனிதனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய ஒரே இடத்தில் அது குற்றமாகவும் பாவமாகவும் கரைந்துவிட்டது. மேல்நோக்கிய கடன் பத்திரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கடனைக் காணோம்.

இது யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. சூழ்ச்சியாக இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. இது ஒரு நீண்ட பழக்கம். 1179இல் மூன்றாம் இலாத்தரன் சங்கம் வெளிப்படையாக வட்டித்தொழில் செய்கிறவனுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் மறுத்தது. 1745இல்கூட பதினான்காம் ஆசீர்வாதப்பர் வட்டியைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கு ரோமிலிருந்து போன பதில்கள், சட்டம் அனுமதிக்கிற வட்டி வாங்குகிறவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றன. வங்கியும் வாணிபமும் வளர்ந்த காலத்தில் அதற்கு நியாயங்களும் இருந்தன. ஆனால் விளைவு என்ன? பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் கோபம் நுழையும், பொய் நுழையும், உடம்பு நுழையும், பூசை தப்பியது நுழையும். பத்து வட்டி நுழையாது. அது 'தொழில்'.

யூபிலிக்கும் இதேதான் நடந்தது. லேவியர் நூல் 25இல் யூபிலி என்றால் ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், விலைப்பட்ட ஆள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். 1300இல் எட்டாம் போனிப்பாஸ் பாப்பரசர் ரோமில் யூபிலி அறிவித்தபோது அது பாவத்துக்கான தண்டனையை நீக்கும் பரிபூரண பலனாகிவிட்டது. நிலம் போய் ஆன்மா வந்தது. இரண்டாம் ஜான் பால் 1994இல், வரவிருந்த 2000ஆம் ஆண்டு யூபிலியை முன்வைத்து ஏழை நாடுகளின் கடனைக் குறைக்கவோ தள்ளவோ கேட்டார். பிரான்சிஸ் 2024இல், 2025 யூபிலிக்கான ஆணைமடலில் அதையே மறுபடி கேட்டார். ரெண்டும் பெரிய காரியங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் சாம்பியாவின் கடனைப் பேசும் திருச்சபையால் தெருவின் கடனைப் பேச முடிகிறதா? திருவிழா வரி கட்ட வட்டிக்கு வாங்குகிற குடும்பங்கள் உண்டு. வரி பாக்கி இருந்தால் கல்யாண ஓலை எழுத இழுத்தடிக்கிற ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரிலும் 2025இல் யூபிலிக் கொடி ஏறியது, யூபிலிப் பாட்டு பாடப்பட்டது. பாக்கி நோட்டில் ஒரு பெயரும் அடிபட்டதாகத் தெரியவில்லை.

5

எல்லாமே இருட்டு என்றும் சொல்லக்கூடாது. சொல்லை மாற்றாமலே அந்த வரியைச் சரியாக வாசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். கேரளக் கரையில் மரியநாடு என்ற குடியிருப்பு 1960களில் திருவனந்தபுரம் மறைமாவட்டத்தின் முயற்சியில் உருவானது. அங்கே மீனவர்கள் சங்கம் வைத்து, பிடித்த மீனைத் தாங்களே விற்கவும், தொழிலுக்கான கடனைத் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கவும் பழகினார்கள். முன்பணம் கொடுத்துவிட்டு மீனைத் தன் விலைக்கு எடுத்துக்கொள்ளும் வியாபாரியின் பிடி அதனால் தளர்ந்தது. இந்த மாதிரிச் சங்கங்கள் பரவி 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆயின. குமரிக் கரையிலும் சங்கங்கள் வந்தன. இதில் வேலை செய்தவர்களில் சாமியார்களும் சிஸ்டர்களும் இருந்தார்கள், மதநம்பிக்கை இல்லாதவர்களும் இருந்தார்கள். இதை 'சமூகப்பணி' என்ற தனி அறையில் வைத்துவிட்டோம். பூசை ஒரு அறை, சொசைட்டி இன்னொரு அறை. எனக்கு அது பரலோக மந்திரத்துக்கு எழுதப்பட்ட நல்ல விளக்கவுரையாகத் தெரிகிறது.

இன்னொரு விளக்கவுரையைக் கோவிலுக்குச் சம்பந்தமே இல்லாத அரசு எழுதியது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமையைப் பிணைத்திருந்த கடனே செல்லாது, திருப்பித்தர வேண்டிய பொறுப்பு அற்றுவிட்டது என்றது. ஏட்டளவில் பார்த்தால் லேவியர் நூலுக்கு எங்கள் யூபிலிப் பவனிகளைவிட இது நெருக்கம். பண்ணையாளாகக் கிடந்தவர்களில் கணிசமானோர் தலித்துகள். தலித் கிறிஸ்தவர்களும் அவர்களில் உண்டு. சாதியும் கடனும் ஒரே கயிற்றின் ரெண்டு புரிகள் என்பதை நம் மறையுரைகள் தொட்டதில்லை என்றால், அதற்குக் காரணம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததுதான்.

'அப்படியானால் குற்றம், பாவம் என்பதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் பொருளாதாரம் பேசலாமா' என்று கேட்பார்கள். இல்லை. மனதுக்குள் குமைகிறவர்களுக்கு மன்னிப்பு என்ற சொல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். பணத்தோடு முடியாத பாக்கிகளும் மனிதர்களுக்குள் இருக்கின்றன. நான் கேட்பது, அரமேயச் சொல்லின் ரெண்டு அர்த்தங்களும் ஒன்றாக இருக்கட்டும் என்பதே. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதும் சோகையாகிறது. யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லாத மன்னிப்பு செலவில்லாத மன்னிப்பு. அதைத் தினம் பத்துத் தடவை கொடுக்கலாம்.

பூசைப் புத்தகத்தை மாற்றுவது ஆயர்களின் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை. என் கையில் இருப்பது அன்றாடம்தான். அன்பியத்தில் மத்தேயு 18 வாசிக்கும்போது நம் தெருவில் என்ன வட்டி ஓடுகிறது என்று வாய்விட்டுப் பேசலாம். பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் மனசாட்சியை ஆராயும்போது 'யாருடைய பத்திரம் என் பீரோவில் இருக்கிறது' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். பங்குப் பேரவையில் வரி பாக்கி நோட்டை எடுத்து மேஜைமேல் வைக்கச் சொல்லலாம். கடைசியானதுதான் கஷ்டம். பிரான்சிஸ் மடலை மேற்கோள் காட்டுகிறவர்கள்கூட அந்த இடத்தில் 'நடைமுறைச் சிக்கல்' என்பார்கள்.

ஒரு இலக்கண விஷயம் மிச்சமிருக்கிறது. மத்தேயுவின் கிரேக்கத்தில் நாம் மன்னிப்பதைச் சொல்லும் வினைச்சொல் முடிந்துபோன செயலைக் குறிக்கிறது. 1995 மொழிபெயர்ப்பு இதைப் பிடித்து 'மன்னித்துள்ளதுபோல' என்று கவனமாகப் போட்டிருக்கிறது. நாங்கள் வாயால் சொல்வதிலோ அது 'மன்னிப்பதுபோல' என்று பொதுப்படையாகிவிடுகிறது. மத்தேயுவின் வரிப்படி பார்த்தால், கேட்க வருவதற்கு முன்னாலேயே காரியம் முடிந்திருக்க வேண்டும். கொலோசையருக்கு எழுதப்பட்ட திருமுகம் 2ஆம் அதிகாரத்தில் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டு ரத்தாகும் ஒன்றைப் பேசுகிறது. அதற்கு அங்கே பயன்படும் கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தம், கடன்பட்டவன் தன் கையால் எழுதிக்கொடுத்த பத்திரம். நம்ம ஊரில் அதற்குப் புரோநோட்டு என்று பெயர். நம்முடைய நோட்டு ரத்தாகிவிட்டது என்று பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தி செய்கிறோம். நம் பீரோவில் இருக்கும் அடுத்தவன் நோட்டை என்ன செய்யப்போகிறோம்?